பெண்களின் துயரத்துக்குக் காரணம் தேடிய டாக்டர் ஸ்டீன்

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள நகரம் அது. அங்கே மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரி என்று புகழ் பெற்ற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களில் சிலருக்கு ஒரு விசித்திரமான குறை இருந்தது.

அவர்கள் வயதில் இளையவர்கள். காய்ச்சல் இல்லை. வலி இல்லை. பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது. ஆனால் மாதக் கணக்கில் மாதவிலக்கு வருவதில்லை. கலியாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் சிலருக்குக் குழந்தை இல்லை. வேறு சிலருக்கு உதட்டின் மேலே மீசை அரும்பியது போல முடி. தாடையிலும் முடி.

இதை யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? வெட்கம் ஒரு பக்கம். வேதனை ஒரு பக்கம்.

குழந்தை இல்லாத பெண்ணை உலகம் எப்படிப் பார்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நாடாக இருந்தாலும் பழி அவள் மீதுதான் விழும். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் டாக்டர் இர்விங் ஸ்டீன்.

எக்ஸ்ரே காலத்துப் பையன்

ஸ்டீன் 1887-ம் ஆண்டு பிறந்தார்.

அவருக்கு எட்டு வயது ஆனபோது ஐரோப்பாவில் ஒரு அதிசயம் நடந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். உயிருள்ள மனிதனின் எலும்பைக் கத்தி வைக்காமலே பார்க்க முடிந்தது.

ஸ்டீனுக்கு 18 வயது ஆனபோது இன்னொரு புதுமை. லண்டனைச் சேர்ந்த ஸ்டார்லிங் என்ற அறிஞர் ஹார்மோன் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தார். அது 1905-ம் ஆண்டு. உடம்பில் உள்ள சுரப்பிகள் ஒருவகை ரசத்தைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் கலந்து தூரத்தில் உள்ள உறுப்புக்குப் போய், இதைச் செய், அதை நிறுத்து என்று சேதி சொல்கிறது. அந்த ரசத்துக்குத்தான் ஹார்மோன் என்று பெயர்.

எக்ஸ்ரே ஒன்று. ஹார்மோன் ஒன்று. இந்த இரண்டும் ஸ்டீன் வாழ்க்கையில் பின்னால் ஒன்று சேர்ந்தன.

ஸ்டீன் சிகாகோவில் உள்ள ரஷ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1912-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பெண்களுக்கு வரும் நோய்களைப் பற்றித் தனியாகக் கற்றார். மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய பேரும் புகழும் அந்த ஆஸ்பத்திரியோடு பிணைந்தவை.

நிழலைப் படித்தவர்

அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய இரண்டே வழிதான். கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கத்தியால் திறந்து பார்க்க வேண்டும்.

கையால் பார்த்தால் சரியாகத் தெரியாது. கத்தி வைத்தால் உயிருக்கு ஆபத்து. எக்ஸ்ரே எடுக்கலாமே என்றால், அதில் எலும்புதான் தெரியும். கர்ப்பப்பையும் சினைப்பையும் மெல்லிய சதை. அவை படத்தில் விழுவதில்லை.

ஸ்டீன் இதற்கு வழி கண்டார். வயிற்றுக்குள் ஊசி மூலம் வாயுவைச் செலுத்துவார். வாயு பரவி, உறுப்புகளைச் சுற்றிலும் நிற்கும். அப்போது எக்ஸ்ரே எடுத்தால் கர்ப்பப்பையும் சினைப்பையும் நிழலாகத் தெரியும். ஆரென்ஸ் என்ற எக்ஸ்ரே நிபுணரோடு சேர்ந்து, 1926-ம் ஆண்டிலேயே இந்த முறை பற்றி ஸ்டீன் எழுதினார்.

இன்றைக்கு ஸ்கேன் எடுக்கிறோம். சில நிமிடத்தில் வேலை முடிகிறது. அன்றைக்கு அந்த வேலையைச் செய்தது ஸ்டீனின் வாயுப் படம்.

மாதவிலக்கு வராத பெண்கள் சிலரை அவர் அப்படிப் படம் எடுத்தார். படத்தைப் பார்த்தவர் திகைத்தார்.

கர்ப்பப்பையின் இரு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை உண்டு. வாதுமைப் பருப்பு அளவு இருக்கும். அந்தப் பெண்களின் சினைப்பையோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சிலருக்கு நான்கு மடங்கு கூடப் பெருத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் அல்ல. இரண்டு பக்கமும் அப்படியே.

புறா முட்டை

இப்படிப்பட்ட சினைப்பையை ஸ்டீனுக்கு முன்பே ஒருவர் பார்த்திருந்தார். அவர் இத்தாலி நாட்டு அறிஞர் வல்லிஸ்நேரி. 1721-ம் ஆண்டு அவர் ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றி எழுதி வைத்தார். கலியாணமானவள். கொஞ்சம் பருமன். குழந்தை இல்லை. அவளுடைய சினைப்பைகள் புறா முட்டை போலப் பெருத்து, வெளுத்து, பளபளப்பாக இருந்தன.

பார்த்தார். எழுதினார். அதோடு சரி. அதன் பிறகு 200 ஆண்டுகள் ஓடின. மாதவிலக்கு நிற்பது, முடி வளர்வது, குழந்தை இல்லாதது, சினைப்பை பெருத்தது, இவை எல்லாம் ஒரே நோயின் அடையாளங்கள் என்று யாரும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை.

அந்த முடிச்சைப் போட்டவர் ஸ்டீன். அவருக்குத் துணையாக நின்றவர் டாக்டர் மைக்கேல் லெவந்தால். இவர் ஸ்டீனைவிட 14 வயது இளையவர். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள்.

ஏழு பெண்கள்

நோயின் மூலத்தை அறிய, ஆபரேஷன் செய்து சினைப்பையில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது வழக்கம். அப்படித் துண்டு எடுத்த சில பெண்களுக்கு ஓர் ஆச்சரியம் நடந்தது. நின்று போயிருந்த மாதவிலக்கு தானாகவே திரும்பி வந்தது!

மருந்து கொடுக்கவில்லை. வைத்தியம் எதுவும் செய்யவில்லை. சோதனைக்காகத் துண்டு எடுத்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொருவராக இருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார். ஸ்டீன் விடவில்லை. துண்டு எடுத்ததே வைத்தியமாகி விட்டதோ என்று யோசித்தார்.

சினைப்பையைத் திறந்து பார்த்தபோது அவர் கண்டது இதுதான்: மேல் தோல் தடித்து, முத்துப் போல வெளுத்திருந்தது. தோலுக்குக் கீழே சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் மணி மணியாக நிறைந்திருந்தன.

தோல் தடித்துப் போனதால் கருமுட்டை வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக் கொள்கிறது என்று ஸ்டீன் நினைத்தார். எனவே இரண்டு சினைப்பையிலும் ஆப்பு வடிவில் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்து, மீதியைத் தைத்து விட்டார்.

ஏழு பெண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது. அவர்களில் இரண்டு பேர் கர்ப்பம் தரித்தார்கள்.

1934-ம் ஆண்டு நவம்பர் மாதம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் மகப்பேறு டாக்டர்களின் மாநாடு கூடியது. அங்கே இந்த ஏழு பெண்களின் கதை வாசிக்கப்பட்டது. 1935-ம் ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் அச்சாகி வெளிவந்தது.

அன்று முதல் அந்த நோய்க்கு ஸ்டீன்-லெவந்தால் நோய் என்று பெயர் வழங்கலாயிற்று. பின்னால் பி.சி.ஓ.எஸ். என்று உலகம் முழுவதும் பேசப்பட்ட நோய் அதுவேதான்.

வைத்தியம் பலித்தது, விளக்கம் பிசகியது

ஸ்டீனின் ஆபரேஷன் பலன் தந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் முழுவதும் சரியல்ல. தடித்த தோல் நோயின் மூலம் அல்ல. அது நோயின் விளைவு. மூலம் ஹார்மோனில் இருந்தது.

அதை ஸ்டீன் அறிய முடியாமல் போனதில் வியப்பில்லை. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றை விஞ்ஞானிகள் முதன்முதலில் தூய்மையாகப் பிரித்தெடுத்ததே 1929-ல்தான். ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தது 1935-ல். ஸ்டீனின் கட்டுரை அச்சான அதே ஆண்டு! ஒரு பெண்ணின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லும் வசதி அப்போது எங்கே இருந்தது?

பிறகு வந்தவர்கள் அளந்தார்கள். 1958-ம் ஆண்டு ஜேனட் மெக்ஆர்தர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். இந்த நோய் உள்ள பெண்களின் சிறுநீரில், மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி அனுப்பும் ஒரு ஹார்மோன் அளவுக்கு மேல் இருந்தது. அதன் பிறகு ரகசியம் ஒவ்வொன்றாக வெளிவந்தது.

மாதந்தோறும் நடப்பது என்ன?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது சினைப்பைக்கு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. ஒன்று எஃப்.எஸ்.எச். மற்றொன்று எல்.எச்.

சினைப்பைக்குள் நடப்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. வெளிப்புறத்து உயிரணுக்கள் எல்.எச். சொல்வதைக் கேட்டு, முதலில் ஆண்மை ஹார்மோனைச் செய்கின்றன. உட்புறத்து உயிரணுக்கள் எஃப்.எஸ்.எச். சொல்வதைக் கேட்டு, அந்த ஆண்மை ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன.

ஆண்மை ஹார்மோன் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்கலாம். எல்லாப் பெண்களுக்கும் அது கொஞ்சம் உண்டு. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜனே உண்டாகாது.

ஒவ்வொரு மாதமும் சில கருமுட்டைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்திக் கொண்டு முதிர்ந்து வெளியே வரும். அது இருந்த இடத்திலிருந்து புரோஜெஸ்டிரான் என்ற மூன்றாவது ஹார்மோன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்தோலை வளர்க்கும். புரோஜெஸ்டிரான் அதைக் கருவுக்குத் தக்கபடி பக்குவப்படுத்தும். கரு தங்கவில்லை என்றால் புரோஜெஸ்டிரான் குறைந்து, உள்தோல் உதிரும். அதுதான் மாதவிலக்கு.

கணக்கு தவறும் இடம்

பி.சி.ஓ.எஸ். உள்ள பல பெண்களுக்கு இந்தக் கணக்கு தவறுகிறது.

எல்.எச். அடிக்கடி வருகிறது, அதிகமாக வருகிறது. எஃப்.எஸ்.எச். அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே ஆண்மை ஹார்மோன் நிறைய உண்டாகிறது. அதை மாற்ற வேண்டிய பக்கம் பின்தங்கி விடுகிறது.

இன்சுலினும் இதில் சேர்ந்து கொள்கிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் அதே இன்சுலின்தான். இந்த நோய் உள்ள பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. அதனால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது. அது இரண்டு கெடுதல் செய்கிறது. சினைப்பையை இன்னும் ஆண்மை ஹார்மோன் செய்யத் தூண்டுகிறது. இது முதல் கெடுதல்.

இரண்டாவது கெடுதல் கல்லீரலில் நடக்கிறது. கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அந்தப் புரதம் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைக்கும். கட்டுண்டது வேலை செய்யாது. இன்சுலின் மிகுந்தால் அந்தப் புரதம் குறைகிறது. கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் உடம்பெங்கும் உலவுகிறது.

முகத்தில் முடி வளர்வது அதனால்தான். முகப்பரு வருவதும், சிலருக்குத் தலைமுடி உதிர்வதும் அதனால்தான். ஆனாலும் அந்த அளவு, ஓர் ஆணின் உடம்பில் இருப்பதைவிட மிகவும் குறைவு. அந்தப் பெண் ஆணாக மாறுகிறாள் என்று நினைப்பது அறியாமை.

ஈஸ்ட்ரோஜன் என்ன ஆகிறது? அது இல்லாமல் போவதில்லை. மாதந்தோறும் ஏறி இறங்க வேண்டியது, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் நிற்கிறது. உடம்புக் கொழுப்பும் ஆண்மை ஹார்மோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக் கொண்டே இருக்கிறது.

கருமுட்டை முதிர்வதில்லை. பாதி வழியில் நின்று விடுகிறது. ஸ்டீன் கண்ட மணி மணியான கொப்புளங்கள் அவைதான். கட்டி அல்ல, வளராமல் நின்ற முட்டைப் பைகள். முட்டை வெளிவராததால் புரோஜெஸ்டிரானும் இல்லை. உள்தோல் உதிராமல் தடித்துக் கொண்டே போகிறது. பல வருடம் கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரக்கூடிய அபாயம் கூடுகிறது. குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்களும் மாதவிலக்கு நின்றால் அலட்சியம் செய்யக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

கத்திக்குப் பதில் மாத்திரை

ஸ்டீனின் ஆபரேஷன் பலித்தது ஏன் என்பதும் விளங்கியது. சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டியபோது, ஆண்மை ஹார்மோன் செய்யும் இடமும் குறைந்து விட்டது. அதன் அளவு இறங்கியது. எஃப்.எஸ்.எச். தலைதூக்கியது. முட்டை முதிர்ந்தது.

ஸ்டீன் 30 ஆண்டுக் காலம் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். 1964-ம் ஆண்டு, ஆபரேஷன் செய்து கொண்ட 108 பெண்களைப் பற்றி எழுதினார். 100-க்கு 95 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கானது என்றும், குழந்தை வேண்டியவர்களில் 100-க்கு 85 பேர் கருவுற்றார்கள் என்றும் கணக்குக் காட்டினார்.

மற்ற டாக்டர்களுக்கு எப்போதும் அவ்வளவு பலன் கிட்டவில்லை. ஆபரேஷனில் ஒரு தொல்லையும் இருந்தது. வெட்டிய புண் ஆறும்போது உள்ளே உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். அதுவே பிள்ளைப் பேற்றுக்குத் தடையாகி விடுவதும் உண்டு.

இதற்குள் புதிய மருந்து வந்து விட்டது. 1961-ம் ஆண்டு, குளோமிஃபீன் என்ற மாத்திரையால் கருமுட்டையை வெளிவரச் செய்யலாம் என்று அமெரிக்க டாக்டர் கிரீன்பிளாட் குழுவினர் காட்டினார்கள். ஈஸ்ட்ரோஜன் சொல்லும் சேதி மூளைக்கு எட்டாமல் அந்த மாத்திரை மறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று எண்ணி மூளை எஃப்.எஸ்.எச்.சைக் கூட்டுகிறது. கத்தி செய்த வேலையை மாத்திரை செய்தது.

தாம் உண்டாக்கிய ஆபரேஷனுக்குப் பதிலாக மாத்திரை வந்ததை ஸ்டீன் தம் வாழ்நாளிலேயே கண்டார். அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டி விட்டது.

பிற்காலத்தில் லெட்ரோசோல் என்ற மருந்து இன்னும் நல்ல பலன் தருவது தெரிந்தது. 2014-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, இந்த நோய் உள்ள பெண்களில் குளோமிஃபீன் சாப்பிட்டவர்களைவிட லெட்ரோசோல் சாப்பிட்டவர்களுக்கே அதிகமாகக் குழந்தை பிறந்ததைக் காட்டியது.

எல்லோருக்கும் மருந்து மட்டுமே வழி என்பதும் இல்லை. உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 100-க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே இன்சுலின் இறங்குகிறது. பலருக்கு மாதவிலக்கு தானே திரும்புகிறது. ஆனால் மெலிந்த பெண்களுக்கும் இந்த நோய் வருவது உண்டு. தின்று பெருத்ததால் வந்தது என்று பழிப்பது தவறு. இது பெரும்பாலும் குடும்ப வழியில் தொடரும் குறை.

பெயர் நிலைத்தது

டாக்டர் லெவந்தால் 1971-ம் ஆண்டு காலமானார். டாக்டர் ஸ்டீன் 1976-ம் ஆண்டு காலமானார். அவர்கள் வேலை பார்த்த மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரியும் 2009-ம் ஆண்டு மூடப்பட்டது. கட்டிடங்கள் இடிக்கப்பட்டன.

ஆனால் அவர்கள் தொடங்கிய வேலை நிற்கவில்லை. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 10 பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஸ்டீன் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அவர் செய்த ஆபரேஷனும் வழக்கொழிந்தது. அதனால் அவர் பெருமை குறையவில்லை. அவர் காலம் வரை அந்தப் பெண்களின் குறை விதி என்றும், சாபம் என்றும் பேசப்பட்டது. அது ஒரு நோய், அதற்குக் காரணம் உண்டு, வைத்தியமும் உண்டு என்று முதலில் காட்டியவர் அவர்.

ஏழு பெண்களின் துயரத்தை அவர் பொருட்படுத்தினார். அதனால் இன்று கோடிக்கணக்கான பெண்கள், தங்கள் மீது குற்றம் இல்லை என்று தலை நிமிர்ந்து டாக்டரிடம் போக முடிகிறது.